கோத்தகிரி பக்கம் தினசரி ஓட்ட லேசான பைக், எல்லாம் சேர்த்து எண்பதாயிரத்துக்குள் எது வாங்கலாம்?

அரவேனுக்காரி

வணக்கம். கியர் வண்டி ஒன்று வாங்க வேண்டும், உங்களிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று எழுதுகிறேன். வீடு அரவேனு பக்கம். மெயின் ரோட்டிலிருந்து காங்கிரீட் போட்ட சரிவில் இறங்கித்தான் வீட்டுக்கு வரணும். பாதை இரண்டு ஆள் அகலம்தான், கீழே வந்த பிறகு வண்டியைக் கையால் பிடித்துப் பின்னால் தள்ளித்தான் திருப்ப முடியும். தினமும் கோத்தகிரி வரை வேலை, வாரத்தில் சில நாள் குன்னூர் கிளைக்கும் போகணும். சாயங்காலம் பஸ்ஸை விட்டுவிட்டால் ஜீப்புக்குக் காத்திருந்து வீடு வந்து சேர இருட்டிவிடுகிறது, காட்டெருமை நடமாட்டம் வேறு.

என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம், எடை ஐம்பதுக்கும் கீழே. மாமாவின் பழைய ஸ்ப்ளெண்டரில் கற்றுக்கொண்டேன், லைசென்ஸ் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அப்பா எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போவார், சில சமயம் பின்னால் ஒரு மூட்டை முட்டைகோஸ் கட்டுவார். கையில் முப்பதாயிரம் இருக்கிறது, மீதி லோன். ரோட்டுக்கு வரும்போது எண்பதாயிரத்தைத் தாண்டக் கூடாது.

ஷோரூமில் கேட்டால் ஒரே வண்டிக்கு குன்னூரில் ஒரு விலை, மேட்டுப்பாளையத்தில் ஒரு விலை சொல்கிறார்கள். எதை எதோடு ஒப்பிடுவது என்றே பிடிபடவில்லை. ஹெச்எஃப் டீலக்ஸ், டிவிஎஸ் ஸ்போர்ட், ஷைன் 100, பிளாட்டினா, ஸ்ப்ளெண்டர் பிளஸ், இந்த ஐந்தும்தான் மனதில் இருக்கின்றன.

கட்டபெட்டு ஒர்க்‌ஷாப்

தங்கச்சி, நீங்கள் எழுதியதில் எனக்குப் பெரிதாகப் பட்டது அந்தச் சரிவில் தள்ளித் திருப்புகிற விஷயம்தான். மைலேஜ் இந்த ஐந்து வண்டியிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், மலையில் ஓட்டுகிறவர் கையைப் பொறுத்துத்தான் கூடும் குறையும். எடை அப்படி இல்லை, அது தினமும் காலையிலும் சாயங்காலமும் உங்கள் இடுப்பில் வந்து நிற்கும்.

பெட்ரோல், ஆயில் எல்லாம் ஊற்றிய கணக்கில் ஷைன் 100 வெறும் 99 கிலோ. ஸ்ப்ளெண்டர் பிளஸ் 112, ஸ்போர்ட்டும் ஹெச்எஃப் டீலக்ஸும் அதே 112ஐ ஒட்டித்தான் வரும், பிளாட்டினா 100 என்றால் 117. பத்துப் பதினைந்து கிலோ என்ன பெரிய வித்தியாசம் என்று சமவெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். பின்சக்கரம் மேட்டுப் பக்கம் இருக்கும்போது வண்டியை மேலே இழுத்துப் பாருங்கள், அதுவும் காங்கிரீட்டில் பாசி பிடித்த மழைக்காலத்தில், அப்போது தெரியும்.

அடுத்தது சீட் உயரம். ஸ்ப்ளெண்டர் 785 மில்லிமீட்டர், ஷைன் 100 786, ஸ்போர்ட் 790. ஹெச்எஃப் டீலக்ஸ் 805, பிளாட்டினா 807. உங்கள் உயரத்துக்கு முதல் மூன்றில் இரண்டு காலும் தரையில் படும், மற்ற இரண்டில் நுனிக்கால் ஆகலாம். ஆனால் சீட்டின் அகலமும் இதில் சேரும், எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் நேரில் உட்கார்ந்து பாருங்கள். சரிவான இடத்தில் நிறுத்தி உட்காருங்கள், ஷோரூமின் டைல்ஸ் தரையில் எல்லா வண்டியும் லேசாகத்தான் இருக்கும்.

வெலிங்டன் அக்கா

ஏம்மா, ஸ்கூட்டர் வேண்டாம் என்று எதற்கு முதலிலேயே முடிவு? ஸ்கூட்டி ஜெஸ்ட் 103 கிலோதான், சீட் உயரம் 760, உங்களுக்குக் கச்சிதமாக இருக்கும். புடவையிலும் ஓட்டலாம். முட்டைகோஸ் மூட்டையைக் காலடியில் வைத்துக்கொள்ளலாம், பின்னால் கட்டுவதைவிட அது பத்திரம். நான் பல வருஷமாக ஸ்கூட்டர்தான் ஓட்டுகிறேன்.

அரவேனுக்காரி

அக்கா, எங்கள் சரிவுதான் பயமாக இருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணி ஸ்கூட்டரில் இறங்கும்போது பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடியே வருகிறார், கீழே வந்து நின்றதும் டிரம் சூடாகி வாசனை வருகிறது. கியர் வண்டியில் ஃபர்ஸ்ட் கியரில் விட்டால் அது தானாகவே பிடித்துக்கொண்டு இறங்கும் என்று மாமா சொல்லிக் கொடுத்தார், அதிலேயே பழகிவிட்டேன்.

கட்டபெட்டு ஒர்க்‌ஷாப்

அக்கா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஊருக்குள் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வர ஸ்கூட்டர் நல்ல வண்டி, யாரையும் நான் தடுத்ததில்லை. ஆனால் இந்தத் தங்கச்சியின் பாதைக்கு கியர் வண்டிதான் சரி என்பேன், காரணத்தைச் சொல்கிறேன்.

ஸ்கூட்டரில் பெல்ட்டும் சென்ட்ரிஃபியூகல் கிளட்ச்சும்தான் இன்ஜினைச் சக்கரத்தோடு இணைக்கின்றன. இன்ஜின் வேகம் ஒரு அளவுக்குக் கீழே போனால் கிளட்ச் விட்டுவிடும், அதற்கப்புறம் வண்டியைப் பிடித்து நிறுத்துவது பிரேக் ஷூ மட்டும்தான். அதாவது செங்குத்தான இறக்கத்தில் மெதுவாக வரும்போதுதான் இன்ஜின் பிடி தேவை, அந்த நேரத்தில்தான் அது இருக்காது. கியர் வண்டியில் ஃபர்ஸ்ட், செகண்டில் விட்டு ஆக்சிலரேட்டரை மூடினால் இன்ஜின் கடைசி வரை சக்கரத்தைப் பிடித்திருக்கும், பிரேக்குக்குப் பாதி வேலை மிச்சம். டிரம் பிரேக் தொடர்ந்து சூடானால் பிடிமானம் குறையும், லிவரை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி வழுக்கிக்கொண்டே போகிற மாதிரி இருக்கும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிற ரோட்டில் புகை வர நிற்கும் டூரிஸ்ட் ஸ்கூட்டர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன், அதில் குழந்தைகளும் உட்கார்ந்திருப்பார்கள், வயிற்றைக் கலக்கும்.

இன்னொன்று, யாரும் நியூட்ரலில் இறங்காதீர்கள், பெட்ரோல் மிச்சம் என்று சொல்லிக்கொண்டு இன்றைக்கும் பலர் செய்கிறார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்த பிறகு இந்தச் சின்ன வண்டிகளில் பெரும்பாலானவை ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை முழுக்க மூடி இறங்கினால் பெரும்பாலும் பெட்ரோல் தெளிப்பதையே நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். மிச்சம் என்று நினைத்துச் செய்வது செலவாகவும் முடிகிறது, உயிருக்கும் ஆபத்து.

கூடலூர் சில்வர் ஓக்

அப்பா மூட்டை ஏற்றுவார் என்றால் எக்ஸ்எல் 100 ஏன் யாரும் சொல்லவில்லை? எங்கள் பக்கம் எஸ்டேட்டுக்குள் கொழுந்து மூட்டை, உரம், கேஸ் சிலிண்டர் எல்லாம் அதில்தான் போகிறது. எடை தொண்ணூறு கிலோவைத் தொடாது, விலையும் இந்தப் பட்டியலிலேயே குறைவு. சீட்டைக் கழற்றினால் பின்னால் முழு இடமும் சாமானுக்குத்தான். பஞ்சர் ஒட்டுகிற கடையில்கூட ஸ்பேர் கிடைக்கும்.

லவ்டேல் 125

எக்ஸ்எல் எஸ்டேட்டுக்குள் சரி நண்பரே, ஆனால் ஒரே கியர், நான்கரை குதிரைத்திறன்கூட இல்லாத இன்ஜின். இரண்டு பேர் ஏறி குன்னூர் மேட்டில் போனால் பின்னால் வரும் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வரும், ஓரம் ஒதுங்கினால் வாய்க்கால். டேங்க் வேறு நாலு லிட்டர்தான்.

என் யோசனை வேறு. கொஞ்சம் சேர்த்துப் போட்டு 125 சிசி எடுத்துவிடுங்கள். உயரம் ஏற ஏறக் காற்று மெலிந்துபோகும், இன்ஜினுக்குள் போகும் ஆக்சிஜன் குறையும், அந்த அளவுக்குச் சக்தியும் குறையும். ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது, அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய எண்பது சதவீதம். 8 குதிரைத்திறன் என்று பேப்பரில் போட்டிருக்கும் 100 சிசி வண்டி ஊட்டிக்கு வந்தால் ஆறரைக்குப் பக்கத்தில்தான் கொடுக்கும். ஷைன் 125 என்றால் 10.7, அது இங்கே வந்து எட்டரையாகக் குறைந்தாலும் சமவெளியில் ஓடுகிற 100 சிசியைவிடத் தெம்பாக இருக்கும். எடையும் 113 கிலோதான், ஸ்ப்ளெண்டரைவிட ஒரு கிலோ கூடுதல், அவ்வளவே. நான் 125 வாங்கியதிலிருந்து லவ்டேல் மேட்டில் செகண்ட் கியருக்கு இறங்க வேண்டிய தேவையே பாதியாகக் குறைந்துவிட்டது.

அரவேனுக்காரி

அண்ணா, கேட்க ஆசையாக இருக்கிறது, ஆனால் 125 என்றால் ரோட்டுக்கு வரும்போது தொண்ணூறைத் தாண்டிவிடுகிறது. லோன் தவணை மாதம் ஆயிரத்து எழுநூறுக்கு மேல் போனால் வீட்டில் வேறு செலவு இடிக்கும்.

கட்டபெட்டு ஒர்க்‌ஷாப்

லவ்டேல் தம்பி சொன்ன காற்றுக் கணக்கு முழுக்க உண்மை. ஆனால் கோத்தகிரி, குன்னூர் இரண்டும் ஊட்டியைவிட நானூறு மீட்டர் அளவுக்குக் கீழே, இழப்பும் அந்த அளவுக்குக் குறையும். முன்பு கார்புரேட்டர் காலத்தில் இங்கே வந்ததும் பெட்ரோல் அதிகமாகக் கலந்து பிளக் கறுத்துப்போகும், ஜெட் மாற்றிக் கொடுப்போம். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் சென்சார் காற்றழுத்தத்தைப் பார்த்துப் பெட்ரோலை அளந்து விடுவதால் அந்தத் தொல்லை போயே போய்விட்டது. சக்தி குறைவது மட்டும் பாக்கி.

ஐம்பது கிலோவுக்குள் இருக்கும் ஒரு ஆள் தனியாக ஓட்டுவதற்கு 100 சிசி போதும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். இரண்டு பேரும் மூட்டையுமாகப் போனால் திணறும், அப்போது செகண்டில் பொறுமையாக ஏறணும். அதற்கும் ஒரு வழி உண்டு. முன் ஸ்ப்ராக்கெட்டில், அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தில், ஒரு பல் குறைத்துப் போட்டால், 14 பல்லுக்கு 13 என்று வைத்துக்கொள்ளுங்கள், பின்சக்கரத்தில் இழுவை ஏழு சதவீதத்துக்கு மேல் கூடும், டாப் ஸ்பீடு அதே அளவு குறையும். நம் ரோட்டில் டாப் ஸ்பீடு யாருக்கு வேண்டும்? செலவும் சில நூறு ரூபாய்தான். புது வண்டியில் உடனே செய்யாதீர்கள், வாரண்டி இருக்கும்போது கேட்டுக்கொண்டு செய்யுங்கள், அல்லது முதல் செயின் செட் தேய்ந்து மாற்றும்போது இதைப் போட்டுக்கொள்ளலாம்.

குன்னூர் கணக்கு

விலை விஷயத்துக்கு நான் வருகிறேன், ஏனென்றால் மக்கள் ஏமாறுவது இங்கேதான்.

ஷோரூமில் வாயால் சொல்லும் விலையை எங்கேயும் ஒப்பிடாதீர்கள். ஒவ்வொரு இடத்திலும் எழுத்தில், வரி வரியாகப் பிரித்து கொட்டேஷன் வாங்குங்கள். வண்டி விலை, சாலை வரி, இன்ஷூரன்ஸ், பதிவுக் கட்டணம், அதற்கு மேல் அவர்கள் போடுவது என்ன என்று தனித்தனியாக வேண்டும். முதல் நாலும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். வித்தியாசம் முழுக்க ஐந்தாவதில்தான் ஒளிந்திருக்கும்.

கணக்கு இப்படி. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை உள்ள பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் 70,000 என்று இருந்த வண்டி இப்போது 64,500 பக்கம் இருக்கணும். பழைய விலைப் பட்டியலைக் காட்டினால் தேதியைப் பாருங்கள். இன்றைய நிலையில் ஹெச்எஃப் டீலக்ஸும் ஸ்போர்ட்டும் ஐம்பத்தைந்திலிருந்து அறுபதாயிரத்துக்குள் தொடங்குகின்றன, ஷைன் 100உம் பிளாட்டினா 100உம் அறுபத்துமூன்று, அறுபத்தாறு அந்த வாக்கில், ஸ்ப்ளெண்டர் எழுபத்துநாலைத் தொட்டுவிடும். மாடலைப் பொறுத்து ஆயிரம் இரண்டாயிரம் முன்னே பின்னே வரும்.

64,000 ரூபாய் வண்டி என்று வையுங்கள். தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்குள் இருக்கும் இருசக்கர வாகனத்துக்கு ஆயுள் வரி 10 சதவீதம், அது 6,400. ஒரு லட்சத்துக்கு மேல் போனால் 12 சதவீதம், அது உங்களுக்கு வராது. இன்ஷூரன்ஸில் மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டாயம், 75 முதல் 150 சிசி வரை 3,851 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 4,544. வண்டிச் சேதத்துக்கான ஒரு வருஷக் காப்பீடும் ஓட்டுநர் விபத்துக் காப்பீடும் சேர்ந்து இரண்டாயிரம் அளவில் முடியணும். பதிவுக்கு 300, ஆர்சி கார்டுக்கு 200, லோன் போட்டால் அதைப் பதிய 500. கூட்டினால் 78,000க்குக் கொஞ்சம் கீழே வரும். அதே கணக்கில் 58,000 ரூபாய் வண்டி என்றால் 71,000 சொச்சம், ஸ்ப்ளெண்டர் என்றால் 89,000 பக்கம். ஆகவே தங்கச்சி, ஸ்ப்ளெண்டரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

இதற்கு மேல் யாராவது ஹேண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ், ஃபைல் சார்ஜ் என்று எழுதினால் அது எதற்கு என்று கேளுங்கள், ரசீது கொடுப்பீர்களா என்றும் கேளுங்கள். என் தம்பிக்கு வாங்கும்போது ஒரு இடத்தில் இப்படி மூவாயிரத்துக்கு மேல் போட்டிருந்தார்கள், ரசீது கேட்டதும் எடுத்துவிட்டார்கள். புடவைக் காவலும், பின்னால் உட்காருகிறவர் பிடிக்கும் கைப்பிடியும் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123வது விதியின்படி வண்டியோடு வர வேண்டியவை. ஹெல்மெட்டும் அப்படியே, 138வது விதி. இதையெல்லாம் ஆக்சசரீஸ் என்று தனிப் பணம் வாங்கினால் கொடுக்காதீர்கள். இன்ஷூரன்ஸையும் அவர்களிடம்தான் எடுக்கணும் என்று கட்டாயம் கிடையாது.

மேட்டுப்பாளையம் கல்லாறு

நான் சமவெளிக்காரன், ஒரு சந்தேகம். எங்கள் ஊரில் விலை கொஞ்சம் குறைவு, ஸ்டாக்கும் நிறைய என்கிறார்கள். அவர் இங்கே வந்து வாங்கினால் டிஎன் 40 எண் வந்துவிடுமா? வந்தால் மலைக்கு ஏற வெளியூர் வண்டிகளுக்குக் கேட்கும் இ-பாஸ் தொல்லை ஆகிவிடாதா?

குன்னூர் கணக்கு

ஆகாது. எங்கே வாங்கினாலும் அவருடைய முகவரிக்கு உரிய ஆர்டிஓவிலேயே பதிந்துகொள்ளலாம். தற்காலிகப் பதிவில் மேலே கொண்டுவந்து ஊட்டியில் டிஎன் 43 வாங்கிக்கொள்ளலாம், நீலகிரி எண் வண்டிக்கு இ-பாஸ் கேட்பதில்லை. ஆனால் பேசும்போதே நிரந்தரப் பதிவை யார் செய்து கொடுப்பது என்று எழுதி வாங்கிக்கொள்ளணும், இல்லாவிட்டால் ஊட்டிக்கு நடந்தே அந்த லாபம் போய்விடும். ஆயிரம் ரூபாய்க்குள் வித்தியாசம் என்றால் பக்கத்தில் வாங்குவதே நல்லது. இலவச சர்வீஸுக்கும் வாரண்டிக்கும் அவர்கள் முகத்தைத்தான் பார்க்கணும்.

மன்னவனூர் பூண்டு

கொடைக்கானல் மலையிலிருந்து எழுதுகிறேன். இவ்வளவு பேரும் புது வண்டியே பேசுகிறீர்கள், எங்கள் பக்கம் பூண்டு, உருளை போடுகிறவர்கள் பாதிப் பேர் வத்தலக்குண்டு, பழனி போய் செகண்ட்ஸ்தான் எடுப்போம். முப்பதாயிரம் கையில் இருக்கிறது என்கிறீர்களே, லோனே இல்லாமல் நல்ல ஸ்ப்ளெண்டர் கிடைக்குமே?

கட்டபெட்டு ஒர்க்‌ஷாப்

கிடைக்கும், ஆனால் பார்த்து வாங்கத் தெரிந்த ஆள் கூட இருக்கணும். மலையில் ஓடிய வண்டியா, கீழே ஓடிய வண்டியா என்று முதலில் கேளுங்கள். மலை வண்டியில் கிலோமீட்டர் குறைவாகக் காட்டும், ஆனால் கிளட்ச் பிளேட்டும் பின் பிரேக் டிரம்மும் ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்கான கோன் செட்டும் அதற்கு மேல் தேய்ந்திருக்கும். மேட்டில் தேர்டு கியரில் முறுக்கிப் பாருங்கள், சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் போய்விட்டது. மெயின் ஸ்டாண்டு போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள், நடுவில் வந்து ஒரு இடத்தில் மாட்டினால் கோன் செட் மாற்றணும். டிரம்மின் உள்பக்கம் விரல் வைத்தால் விளிம்பு தட்டினால் அதுவும் செலவு.

பேப்பரில் பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வேண்டும், பழைய லோன் இருந்தால் அது முடிந்ததற்கான ஃபாரம் 35 இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பரிவாகன் தளத்தில் எண்ணைப் போட்டு அபராதம் ஏதாவது நிற்கிறதா என்று பாருங்கள். 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடணும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மன்னவனூர் பூண்டு

நன்றி அண்ணா. எங்கள் ஊர்ப் பையன்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், புது வண்டி விலைக்கு மேலே கொடுத்து பழைய ஆர்எக்ஸ் 100 தேடுகிறார்கள், 103 கிலோதான், மலை ஏறப் பறக்கும் என்கிறார்கள்.

கட்டபெட்டு ஒர்க்‌ஷாப்

ஏறப் பறக்கும், மறுக்கவில்லை, அந்த இன்ஜின் எனக்கும் பிடிக்கும். இறங்கும்போது என்ன செய்வார்கள்? அது டூ ஸ்ட்ரோக், ஆக்சிலரேட்டரை மூடினால் இன்ஜின் பிடி மிகக் குறைவு, சின்ன டிரம்மை நம்பித்தான் வரணும். 1996லேயே நிறுத்திய வண்டி, இன்றைக்குக் கிடைக்கும் ஸ்பேரில் எது ஒரிஜினல் என்று எனக்கே சந்தேகம் வருகிறது. ஆசைக்கு ஒன்று வைத்துக்கொள்ளட்டும், கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு மூட்டை கட்டிக்கொண்டு இறங்க அது வண்டி இல்லை.

லவ்டேல் 125

பிரேக் பேச்சு வந்ததால் சொல்கிறேன், 2022 கடைசியில் பிளாட்டினா 110இல் முன் டிஸ்க்கோடு ஏபிஎஸ், அதாவது அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக், வைத்து ஒரு மாடல் வந்தது. மலைக்கு அருமையான யோசனை. அதை நிறுத்திவிட்டார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் வருத்தம். செகண்ட்ஸில் நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் யாரும் விடாதீர்கள். 125 சிசி வரை ஏபிஎஸ் கட்டாயம் இல்லாமல் சிபிஎஸ் போதும் என்று சட்டம் வைத்ததால் ஏழை வாங்கும் வண்டிக்கு அந்தப் பாதுகாப்பு வராமலே போகிறது. மழையிலும் பனியிலும் ஓட்டுகிறவர்கள் நாங்கள்தானே?

கட்டபெட்டு ஒர்க்‌ஷாப்

சரியாகச் சொன்னீர்கள் தம்பி. தங்கச்சி, உங்கள் பட்டியலில் எதை எடுத்தாலும் சிபிஎஸ்தான் வரும், பின் பிரேக் பெடலை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். பழைய ஸ்ப்ளெண்டரில் பழகிய உங்களுக்கு அது முதலில் வேறு மாதிரித் தெரியும். கொண்டை ஊசிக்குள் போன பிறகு மிதிக்காதீர்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து செகண்டில் போட்டுவிட்டு, உள்ளே கியரின் பிடியிலேயே திரும்புங்கள். யூகலிப்டஸ் இலை விழுந்து நனைந்து கிடக்கும் இடங்களில் இது ரொம்ப முக்கியம்.

கிக்கரும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டிசம்பர், ஜனவரி உறைபனியில் பேட்டரி சோர்ந்துவிடும், காலையில் செல்ஃப் எடுக்காவிட்டால் கிக்கர்தான் கை கொடுக்கும்.

குன்னூர் கணக்கு

லோன் பற்றி எழுத மறந்துவிட்டது. ஷோரூமில் உட்கார்ந்திருக்கும் ஃபைனான்ஸ்காரர் பத்து சதவீதம்தான் என்பார். அது ஃபிளாட்டா, குறையும் அசலுக்கா என்று கேளுங்கள். 48,000 ரூபாயை மூன்று வருஷத்துக்கு ஃபிளாட் பத்தில் எடுத்தால் வட்டி 14,400, மாதத் தவணை 1,733. இது உண்மையில் குறையும் அசலுக்குப் பதினெட்டு சதவீத வட்டிக்குச் சமம், ஏனென்றால் நீங்கள் கட்டி முடித்த அசலுக்கும் கடைசி வரை வட்டி போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதே 48,000ஐ குறையும் அசலுக்குப் பதினொன்றில் ஒரு வங்கியில் வாங்கினால் தவணை 1,572, மொத்த வட்டி 8,600க்குள். ஐயாயிரத்து எண்ணூறு ரூபாய் உங்கள் கையில் நிற்கிறது. பத்தைவிடப் பதினொன்று மலிவு என்று யாரும் ஷோரூமில் சொல்லித் தரமாட்டார்கள். சம்பளம் வரும் வங்கியில் முதலில் கேட்டுப் பாருங்கள், கூட்டுறவு சங்கத்திலும் விசாரியுங்கள்.

அப்புறம் விற்பனைச் சான்றில், அதாவது ஃபாரம் 21இல், வண்டி தயாரித்த மாதமும் வருஷமும் இருக்கும். போன வருஷத் தயாரிப்பு என்றால் விலையில் குறைக்கச் சொல்லுங்கள், விற்கும்போது உங்களுக்கு அந்த வருஷக் கணக்கில்தான் விலை போடுவார்கள்.

அரவேனுக்காரி

நீங்கள் சொன்ன மாதிரியே எழுத்தில் கேட்டேன். முதலில் 83,000 என்று சொன்ன இடத்தில் பிரித்துக் கொடுங்கள் என்றதும் அதே ஷைன் 100 எழுபத்தொன்பதுக்குள் வந்துவிட்டது. ஹேண்ட்லிங் என்று ஒன்று, டெஃப்லான் கோட்டிங் என்று ஒன்று, புடவைக் காவலுக்குத் தனியாக ஒன்று, எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். விதி எண்ணைச் சொன்னதும் மேனேஜரே வந்து பேசினார்.

ஸ்போர்ட்டும் ஓட்டிப் பார்த்தேன். ஏழாயிரம் வரை மிச்சமாகும், மேட்டில் இழுவையும் நன்றாக இருந்தது, அதற்கு 109.7 சிசி இன்ஜின், கீழ் ஆர்பிஎம்மிலேயே டார்க் வருகிறது. அப்பாவுக்கு அதுதான் பிடித்தது. ஷோரூம் வண்டியில் மூட்டையைக் கட்டி ஓட்டிப் பார்க்கவா முடியும், அதனால் ஷோரூம் பக்கத்துச் சந்தில் இரண்டையும் பின்னால் தள்ளி ஏற்றிப் பார்த்தேன். ஷைனைத் தனியாகத் திருப்ப முடிந்தது, ஸ்போர்ட்டுக்கு அப்பா கை கொடுக்க வேண்டியிருந்தது. தினமும் திருப்பப் போவது நான்தான் என்று சொன்னதும் அப்பா ஒத்துக்கொண்டார். லோனுக்கு வங்கியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கூடலூர் சில்வர் ஓக்

நல்ல முடிவு. மூட்டைக்கு மட்டும் பின்னால் இரும்பு கேரியர் வெல்டிங் வைக்காதீர்கள், வண்டி லேசு என்பதால் எடை முழுக்கப் பின்னால் போனால் மேட்டில் முன்சக்கரம் மிதக்கும். சீட்டின் மேலேயே, உடம்பை ஒட்டிக் கட்டச் சொல்லுங்கள்.

கட்டபெட்டு ஒர்க்‌ஷாப்

அதேதான். வண்டி வந்ததும் முதல் ஐநூறு கிலோமீட்டர் அடக்கி ஓட்டுங்கள், மேட்டில் பெரிய கியரில் வைத்து இன்ஜினைத் திணற விடாதீர்கள், முறுக்குவதைவிட அது கெடுதல். முதல் சர்வீஸைத் தள்ளிப்போடாதீர்கள், ஆயில் கட்டாயம் மாற்றணும். மழை மாதத்தில் செயினுக்கு வாரம் ஒருமுறை எண்ணெய் விடுங்கள், பனி ஈரத்திலேயே துரு ஏறிவிடும். அந்த வழியாகக் குன்னூர் போகும்போது ஒர்க்‌ஷாப்பில் நிறுத்துங்கள், செயின் தொய்வும் பிரேக் பிளேயும் சரி பார்த்துத் தருகிறேன், அதற்குக் காசு வேண்டாம்.

வெலிங்டன் அக்கா

மெயின் ஸ்டாண்டு போட முடிகிறதாம்மா? என் தங்கை மகளுக்கும் இதையே பார்க்கலாம் என்று இருக்கிறோம், அவளும் உன் உயரம்தான்.

அரவேனுக்காரி

முடிகிறது அக்கா. கையால் தூக்காமல் ஸ்டாண்டின் மேல் ஒரு காலை ஊன்றி உடம்பு எடையைக் கொடுத்தால் வண்டி தானாக ஏறிவிடுகிறது. இரண்டு காலும் தரையில் படுகிறது, குதிகால் மட்டும் கொஞ்சம் தூக்கியிருக்கும். அவளையும் கூட்டிக்கொண்டு போய்ச் சரிவான இடத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். கொட்டேஷனை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வேண்டுமானால் என்னுடையதைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.